அப்பாவைக் கிளப்பியவர்களுக்கு

எதிர்வீட்டு அக்காவுக்கும், 108 தம்பிகளுக்கும், புதுச்சேரி கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனையில் அன்றிரவு பணியிலிருந்த எல்லாருக்கும் வணக்கம்.

இத்தனை வருடம் கழித்தா நன்றி என்று கேட்காதீர்கள். போன வாரம் மருந்துச் சீட்டைத் தேடும்போது 2020 மே மாத இ.சி.ஜி. தாள் கையில் பட்டது. கோடெல்லாம் மங்கி, அப்பாவின் மாரடைப்பைக் காட்டிய அந்த மேடு மட்டும் லேசாகத் தெரிகிறது. அதுவும் அழிவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கோயம்பேட்டிலிருந்து திரும்பியவர்களால் கடலூரில் தொற்று எகிறிய நேரம். சாயங்காலமே அப்பாவுக்கு நெஞ்சில் பாரம். வாயு என்று சீரகத் தண்ணீர் கொடுத்தோம். "ஆஸ்பத்திரிக்குப் போனா கொரோனாவோடதான் வரணும், செத்தா முகத்தைக்கூடக் காட்ட மாட்டான்" என்றார். எங்களுக்கும் அதே பயம்தான்; அவர் பிடிவாதம் எங்களுக்கு வசதியாகப் போயிற்று. ஆறு மணி நேரம் அப்படியே ஓடியது.

அக்கா, நீங்கள் திண்ணையேறி வந்து, அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்ததைப் பார்த்தீர்கள். "வாயுவுக்கு இப்படி வேர்க்காது" என்று 108-க்கு அடித்தீர்கள். முப்பது வருடம் நர்ஸாக இருந்தவர் சொல்லுக்குத்தான் அவர் எழுந்தார்.

கடலூர் மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்து, மாத்திரை கொடுத்து, உடனே ஜிப்மருக்கு அனுப்பினார்கள். புதுச்சேரி எல்லையில், முள்ளோடையில் இ-பாஸ் கேட்க வந்த காவலர், அப்பா முகத்தைப் பார்த்ததும் தடுப்பைத் தானே இழுத்துவிட்டார். ஐயா, உங்களுக்கும் நன்றி.

ஜிப்மரில் ஓ.பி.யை நிறுத்தி, போனில் ஆலோசனை சொல்லிவந்த நாட்கள் அவை. அவசரப் பிரிவும் அப்படித்தான் என்று நினைத்திருந்தோம். திறந்துதான் இருந்தது, கூட்டம்தான் இல்லை. "வண்டி ஓடல, விபத்து குறைஞ்சுது, சரி. மாரடைப்புக்கு யாரு ஊரடங்கு போட்டது?" என்றார் டாக்டர். அமெரிக்காவில்கூட அந்த ஏப்ரலில் அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் முந்தைய ஆண்டைவிட 42 சதவீதம் குறைவு என்று அப்புறம் படித்தேன். அங்கே சீரகத் தண்ணீர் இருந்திருக்காது, பயம் இதேதான். மறுவருட மே மாதம் நிலைமை தலைகீழ்; படுக்கை தேடி ஊர் ஊராக அலைந்தார்கள்.

தாமதத்தில் போன இதயத் தசை போனதுதான். மாடி ஏறினால் மூச்சு வாங்கும். மற்றபடி தேவனாம்பட்டினம் கடற்கரையில் தினமும் நடக்கிறார்.

சிஸ்டர், உங்கள் போனிலிருந்து அம்மாவுக்கு வீடியோ காலில் அப்பாவைக் காட்டினீர்களே. கவுனில் மார்க்கரால் உங்கள் பெயர் எழுதியிருந்தது. பதற்றத்தில் நாங்கள் யாரும் படிக்கவில்லை. ஒவ்வொரு முறை செக்கப்புக்கு வரும்போதும் அம்மா முகக்கவசம் போட்டவர்களின் கண்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.