செல்வத்துக்கு, பேரன் கால் விஷயமா

டேய் செல்வம்,

உன் கடிதம் படிச்சேன். மோல்மீன்ல மழை விடலன்னு எழுதியிருந்த, ரங்கூன்லயும் அப்படித்தான், துவைச்ச லுங்கி ஒண்ணு காயல. அது கிடக்கட்டும், பேரன் நெனப்பாவே இருக்கு.

அஞ்சு வயசாகியும் படி ஏற கஷ்டப்படறான், தரையில இருந்து எழுந்திருக்கணும்னா தன் தொடையையே கையால ஊனி ஊனி எழறான், ஆனா கெண்டைக்கால் நல்லா பருத்து இருக்கு அதனால பலமாத்தான் இருக்கான்னு தங்கச்சி சொல்லுதுன்னு எழுதியிருந்தியே, எனக்கு பயமே அந்தப் பருமன்தான்டா. டூஷேன்னு ஒரு தசைச் சிதைவு நோய், பெரும்பாலும் ஆம்பளப் பிள்ளைங்களுக்குத்தான் வரும், அதுல கெண்டைக்கால் சதைக்குள்ள கொழுப்பும் நாரும் சேர்ந்து, வெளிய பாத்தா பயில்வான் கால் மாதிரி தெரியும். இவனுக்கு அதுதான்னு சொல்லல, ஆனா பாத்துடணும்.

நான் ஸ்கேன் ரூம்லயே காலம் தள்ளினவன். நல்ல சதை அல்ட்ராசவுண்டுல கருப்பா இருக்கும், நடுநடுவுல மெல்லிசா வெள்ளைக் கோடு ஓடும், அடியில எலும்பு பளிச்சுன்னு தெரியும். கெட்டுப்போன சதை முழுக்க வெளுத்து மூட்டமா இருக்கும், கொழுப்பும் நாரும் ஒலியை மேலயே திருப்பி விட்டுடறதால எலும்பு மங்கும், நல்லா முத்திட்டா எலும்பே தெரியாது. 1982ல ஹெக்மாட்டுன்னு ஒரு டாக்டரும் கூட இருந்தவங்களும் இத நாலு படியா பிரிச்சு எழுதினாங்க, இன்னிக்கும் அது புழக்கத்துல இருக்கு. ஆனா சின்ன வயசுல, ஆரம்பத்துல, படம் நல்லாவே தெரியலாம், அதனால ஸ்கேன் நார்மல்னு யாராவது சொன்னா அதோட விட்டுடாத. முதல்ல ரத்தத்துல சிகே பாக்கச் சொல்லு, சதை கெட்டா ரத்தத்துல கசியற என்சைம் அது, டூஷேன்னா பல மடங்கு ஏறியிருக்கும். ஈரல் டெஸ்டுல பாக்கற என்சைமும் கூடவே ஏறும், அது சதையில இருந்தும் வரும், ஈரல் நோய்னு சொல்லி மருந்து எழுதினா சிகே பாத்தீங்களான்னு கேளு.

எம்ஆர்ஐ இன்னும் தெளிவு. அதுல டி1னு ஒரு வகைப் படத்துல கொழுப்பு வெள்ளையா தெரியும், ஸ்டிர்னு இன்னொரு வகை கொழுப்பை அமுக்கிட்டு நீர்கோத்த இடத்தை எடுத்துக் காட்டும், ரெண்டையும் பக்கத்துல வச்சாத்தான் சதை கொழுப்பாவே மாறிப்போச்சா இல்ல இன்னும் வீக்கத்தோட நிக்குதான்னு புரியும். டூஷேன்ல தொடையில மத்ததெல்லாம் கெட்டாலும் கிராசிலிஸ், சார்டோரியஸ்னு ரெண்டு சதை ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும், அந்த வரிசையை வச்சே பாதி ஊகிச்சிடலாம். முடிவா சொல்றது ஜீன் டெஸ்ட்தான்.

மகனையும் மருமகளையும் கூட்டிக்கிட்டு பஸ் ஏறு, எங்க வீட்லயே தங்கலாம். டூஷேன்னே ஆனாலும் நேரத்தோட ஸ்டீராய்டு ஆரம்பிச்சா நடக்கற காலத்தை நீட்டிக்கலாம்டா, அதான் அவசரப்படுத்தறேன். தங்கச்சிகிட்ட பக்குவமா சொல்லு. பழைய ரிப்போர்ட் எது இருந்தாலும் எடுத்துட்டு வா.

உன்
ராமு