கேட்காமல் தேய்த்த பெயின்ட்: பானெட் பாழானது குறித்துப் புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், மதுரை.
பெறுநர்: மேலாளர் அவர்கள், கார் டீடெயிலிங் நிறுவனம், மதுரை.

பொருள்: அனுமதியின்றி கார் பெயின்ட்டைத் தேய்த்தது – சரிசெய்து தரக் கோருதல்.

ஐயா,

பெயின்ட்டுக்கு மேல் பாதுகாப்புப் பூச்சாக செராமிக் கோட்டிங் போடுவதற்காக என் கருநீலக் காரை உங்களிடம் விட்டிருந்தேன். கழுவி, லேசாகப் பாலிஷ் செய்து, கோட்டிங் போடுவது என்றுதான் பேச்சு. பில்லிலும் அவ்வளவுதான் இருக்கிறது. ஆனால் உங்கள் ஆட்கள் பானெட் முழுவதையும் வாட்டர் பேப்பரால் (நீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்து மெஷினில் பஃபிங் செய்திருக்கிறார்கள். கேட்டால், "ஆரஞ்சு பீல் இருந்துச்சு சார், எடுத்துட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்கியிருக்கோம்" என்கிறார் உங்கள் சூப்பர்வைசர். பெயின்ட்டில் ஆரஞ்சுத் தோல் போலத் தெரியும் அந்த மேடுபள்ளத்தை எடுக்கச் சொல்லி நான் கேட்கவே இல்லையே!

வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுக்க வட்ட வட்டமாக பஃபிங் கோடுகள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இடது பக்க மடிப்புக் கோட்டில் ஒரு விரல் நீளத்துக்கு நிறம் மங்கி, நடுவில் நிறத்துக்கு அடியில் இருக்கும் பிரைமர் பூச்சின் சாம்பல் நிறம் தெரிகிறது. அங்கே வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் தொட்டுத் தேய்த்தால் துணியில் நீலம் ஒட்டுகிறது. நிறத்துக்கு மேல் இருக்கும் நிறமற்ற அடுக்கான கிளியர் கோட் இருந்தால் நீலம் எப்படி வரும்?

கம்பெனி பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 140 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் கிளியர் கோட் சுமார் 40; ஒரு சாதாரணத் தாளின் பாதிக் கனம்கூட இல்லை. மடிப்பிலும் ஓரத்திலும் இன்னும் மெல்லிசு. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பது அந்த அடுக்குதான். மதுரை வெயிலில் திறந்தவெளியில் நிற்கும் வண்டிக்கு அது போனால் மிச்சமுள்ள நிறமும் வெளுத்து உரியும். வேறு இடத்தில் கருவி வைத்துப் பெயின்ட்டின் கனத்தை அளந்து பார்த்தேன். தேய்க்காத பக்கவாட்டில் 116 மைக்ரான், பானெட் நடுவில் 94. தேய்ப்பதற்கு முன் நீங்கள் அளந்திருந்தால் அந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

"செராமிக் போட்டாச்சே, ஒண்ணும் ஆகாது" என்றும் சொன்னார்கள். ஒன்றிரண்டு மைக்ரான் கோட்டிங், போன கிளியர் கோட்டுக்கு ஈடாகாது.

உங்கள் ஷெட்டிலேயே இலவசமாகப் பெயின்ட் அடித்துத் தருவதாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. தொழிற்சாலையில் வெறும் பாடியை ஏறக்குறைய 140 டிகிரியில் சூடாக்கிப் பெயின்ட்டை இறுக்குகிறார்கள். ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் பூட்டிய வண்டியில் அது முடியாது. மெட்டாலிக் நிறம் பக்கத்து பேனலோடு ஒத்துப்போக வேண்டும், அதற்குக் கைதேர்ந்த ஆள் தேவை. எவ்வளவு நன்றாக அடித்தாலும், நாளை விற்கும்போது பெயின்ட்டின் கனத்தைக் கருவி வைத்துப் பார்ப்பவர் "பானெட் அடிபட்டதா?" என்றுதான் கேட்பார்.

எனவே, கார் தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற பாடி ஷாப்பில் பானெட்டைச் சரிசெய்யும் முழுச் செலவையும் நீங்கள் ஏற்க வேண்டும். செராமிக் கோட்டிங்குக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அப்புறம், எந்தெந்தப் பகுதியில் எந்த நம்பர் வாட்டர் பேப்பர், பஃபிங்குக்கு எந்த காம்பவுண்டு (தேய்ப்புப் பசை) போட்டீர்கள் என்று கையெழுத்திட்டு எழுதித் தர வேண்டும். மற்ற பேனல்களில் கை வைத்தீர்களா என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை.

படங்களையும் பில் நகலையும் இணைத்திருக்கிறேன். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுப்பேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்