ஏரியைக் காட்டாத துப்பறியும் படம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பழைய ஹாலிவுட் துப்பறியும் படங்களைப் பற்றிய கட்டுரையில், 1947-இல் வெளியான ‘லேடி இன் தி லேக்’, கதாநாயகனின் முகத்தையே காட்டாததால் தோற்றுப்போன முயற்சி என்று இரண்டே வரிகளில் ஒதுக்கப்பட்டிருந்தது. கிருஷ்ணகிரியின் கே.ஆர்.பி. அணைக்கரையிலும் ஒகேனக்கல்லிலும் கைப்பேசியை வைத்துக் குறும்படம் எடுக்கும் எங்கள் பகுதி இளைஞர்கள் இதைப் படித்துவிட்டு அப்படத்தைப் பார்க்காமலே விட்டுவிடக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். படத்தை இயக்கி நாயகனாகவும் நடித்த ராபர்ட் மாண்ட்கோமரி, தொடக்கத்திலும் இடையிடையேயும் தம் அலுவலக மேசையில் அமர்ந்து நம்மை நோக்கியே பேசுகிறார். நிலைக்கண்ணாடிகளிலும் அவர் முகம் தெரிகிறது. மற்றபடி படம் முழுவதும் கேமராவே துப்பறிவாளர் பிலிப் மார்லோவின் கண்ணாக இருக்கிறது. இது வெறும் வித்தை காட்டும் ஆசையில் செய்யப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ரேமண்ட் சாண்ட்லர் 1943-இல் எழுதிய மூல நாவலை மார்லோவே தன் வாயால் சொல்கிறான். அவன் அறிந்ததற்கு மேல் ஒரு துளியும் வாசகனுக்குத் தெரிவதில்லை. அந்த நேர்மையைத் திரையிலும் காப்பாற்ற முனைந்ததன் விளைவே இந்த உத்தி.

மார்லோ புகைபிடித்தால் நம் கண்முன் புகை எழுகிறது. அவன் தாக்கப்பட்டால் திரை இருள்கிறது. கார் விபத்துக்குப் பின் அவன் தொலைபேசிக் கூண்டை நோக்கித் தரையில் ஊர்ந்து செல்லும்போது, முன்னே நீளும் கைகளை மட்டுமே பார்க்கிறோம். இவற்றைவிட மேலானது விசாரணைக் காட்சிகளில் கிடைக்கிறது. லென்ஸைப் பார்க்கவே கூடாது என்று பழக்கப்பட்ட நடிகர்கள், இதில் வெட்டில்லாத நீண்ட காட்சிகளில் லென்ஸையே எதிராளியாகக் கொண்டு பேச வேண்டியிருந்தது. பத்திரிகை ஆசிரியையாக வரும் ஆட்ரி டாட்டர் நம் கண்ணுக்குள் பார்த்துப் பேசும்போது, அவர் சொல்வதில் எது பொய் என்று எடைபோடும் பொறுப்பு முழுவதும் நம்மிடம் வந்துவிடுகிறது. எந்தக் கொலைக் கதையிலும் இதுவல்லவா உயிரான இடம்!

குறைகள் உண்டு. மனிதக் கண் ஒரு முகத்திலிருந்து மற்றொரு முகத்துக்குச் சட்டென்று தாவுகிறது. அக்காலத்தின் கனத்த கேமராவோ நிதானமாகத் திரும்பித்தான் ஆக வேண்டும், ஆகவே பல காட்சிகள் இழுபடுகின்றன. ஆனால் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. மலை ஏரியில், மூழ்கிக் கிடக்கும் பழைய படகுத்துறைப் பலகைகளுக்கு அடியில் ஒரு கை அசைவதைக் காண்பதுதான் நாவலின் மிகச் சிறந்த பகுதி. படத்தில் அந்த ஏரியே இல்லை. அங்கு நடந்ததை மார்லோ மேசையில் அமர்ந்தபடி வாயால் சொல்லிவிடுகிறார். கண்ணாக இருப்பேன் என்று வாக்களித்த கேமரா, கண் அவசியம் பார்த்திருக்க வேண்டிய ஒன்றைப் பார்க்காமல் விட்டது. முகத்தை மறைத்தது தவறு என்பதைவிட, எடுத்த முயற்சியை அந்த இடத்தில் கைவிட்டது தவறு என்பதே பொருந்தும்.

அதே 1947-இல் வந்த ‘டார்க் பாசேஜ்’ படமும் முதல் பகுதியில் நாயகனின் கண்ணாகவே செல்கிறது. அறுவைச் சிகிச்சையில் அவன் முகம் மாறிய பிறகே நாயகனாக நடித்த ஹம்ப்ரி போகார்ட்டை நாம் காண்கிறோம். முகத்தை மறைப்பதற்கு அங்கே கதையே காரணம் தருவதால் எவருக்கும் உறுத்துவதில்லை. நம் எஸ்.பாலசந்தர் 1954-இல் பாடலே இல்லாமல், ஒரு கொலையைப் பலரது சந்தேகங்களின் வழியாகச் சொன்ன ‘அந்த நாள்’ வசூலில் வெற்றி பெறவில்லை. அதற்காக அதைத் தோற்றுப்போன முயற்சி என்று இன்று நாம் ஒதுக்குவதில்லையே.

ஆகவே, பார்வைக் கோணத்தைக் கையாளும் முறை குறித்து, இம்மூன்று படங்களின் காட்சிகளையும் எடுத்துக்காட்டி ஒரு விரிவான கட்டுரையைத் தங்கள் இணைப்பில் வெளியிட வேண்டுகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளும் இப்படங்களைத் தமிழ் வசனவரிகளுடன் மாணவர்களுக்குத் திரையிட முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.