பாப்பா, முதலில் பி12 பார்த்துவிடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பார்த்தேன், உன் விரல் முட்டிகள் கறுத்திருக்கின்றன. வெயில் என்றாய். கால் மதமதப்பு, நாக்கு எரிச்சல், மாடி ஏறினால் மூச்சு வாங்குவது என்று அம்மாவிடம் ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறாய். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பி12 வைட்டமின் குறைவாக இருக்குமோ என்று தோன்றுகிறது. பால், தயிரை நீ விட்டுச் சில வருஷம் ஆயிற்று. ஈரலில் சேர்ந்திருக்கும் பி12 அவ்வளவு காலம் தாங்கும். அதனால்தான் இதுவரை ஒன்றும் தெரியவில்லை.

பாலை விட்டதை நான் குறை சொல்லவில்லை. மாடுகளுக்காக எடுத்த முடிவு, அதில் நில். ஆனால் இந்தச் சத்தைச் செடிகொடி உண்டாக்குவதில்லை, பாக்டீரியாதான் உண்டாக்குகிறது. கீரை, பயறு எவ்வளவு சாப்பிட்டாலும் கிடைக்காது. ஸ்பைருலினா என்று விற்கும் பாசிப் பொடியை நம்பாதே, அதில் இருப்பது பெரும்பாலும் உடம்புக்கு உதவாத வகை. 1926-ல் பாஸ்டனில் மைனாட், மர்ஃபி என்ற டாக்டர்கள் தினமும் ஈரல் சாப்பிட வைத்துத்தான் பி12 குறைந்து ரத்தசோகை வந்தவர்களைப் பிழைக்கவைத்தார்கள். உனக்கு அது வேண்டியதில்லை. இப்போது பாக்டீரியாவை வளர்த்தே மருந்து எடுக்கிறார்கள். கேப்ஸ்யூல் உறை பெரும்பாலும் ஜெலட்டின், மிருகங்களின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது, அதனால் மாத்திரையாகக் கேட்டு வாங்கு.

ரத்தம் குறைச்சல் என்று கடையில் ஃபோலிக் ஆசிட் வாங்கிப் போட்டுவிடாதே. ஹீமோகுளோபின் ஏறிவிடும், சரியாகிவிட்டது என்று நினைப்போம். நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே போகும். ரொம்ப நாள் விட்டால் முழுசாகத் திரும்பாது. இதுதான் எனக்குப் பயம்.

சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மின் மாத்திரையால் எனக்கும் பி12 இறங்கியிருந்தது, ஞாபகம் இருக்கிறதா? டாக்டர் இசைக்கவையை, அதுதான் தட்டினால் அதிரும் இரும்புக் கவை, தட்டி என் கால் பெருவிரலில் வைத்தார். ஒன்றுமே தெரியவில்லை. அதையே மணிக்கட்டில் வைத்ததும் விர்ரென்று ஏறியது. ஊசி போட ஆரம்பித்துச் சில வாரத்தில் அசதி போய்விட்டது, கால் மரத்தது தெளியத்தான் பல மாதம் பிடித்தது.

எந்த மாத்திரையும் தொடங்கும் முன் ரத்தம் கொடு. சிபிசி என்ற ரத்த அணுப் பரிசோதனையில் எம்சிவி, அதாவது சிவப்பணுவின் சராசரிப் பருமன், 100-ஐத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். ஆனால் இரும்பும் குறைவாக இருந்தால் அது ஏறாமலே இருக்கும், ஆகவே பி12 அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல். ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைவுதான். கால் மரத்திருப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடு, அதை வைத்துத்தான் ஊசியா மாத்திரையா என்று முடிவு செய்வார்.

ரிப்போர்ட் வந்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. கால் தெளியும்வரை ஸ்கூட்டி எடுக்காதே, ஆட்டோவுக்கு நான் பணம் போடுகிறேன்.

அப்பா