செல்வத்துக்கு: இரண்டு படங்களையும் பார்த்துவிட்டேன்

அன்புள்ள செல்வம்,

படங்கள் ஏன் வெளுத்தும் மங்கியும் தெரிகின்றன என்று கேட்ட உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. வீட்டுப் புகைப்படங்களை ஒருவழியாக ஸ்கேன் செய்யத் தொடங்கிவிட்டாயே, அதுவே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. இங்கே ஒரு செய்தி: இடது கண்ணில் புரை எடுத்துவிட்டார்கள். இப்போது அந்தக் கண்ணுக்குத் தாள் வெள்ளை. வலது கண்ணுக்கு அதே தாள் மஞ்சள். அதனால் உன் படங்களைக் கண்ணை நம்பிப் பார்க்கவில்லை, ஒவ்வொரு புள்ளியின் அளவையும் 0 (கருப்பு) முதல் 255 (வெள்ளை) வரை சொல்லும் பிக்சல் எண்களைத்தான் பார்த்தேன். நீயும் அப்படியே செய். வெளுத்திருக்கிறதே என்று வெளிச்சத்தைக் குறைக்கப் போகாதே.

ஸ்கேனரில் படத்தின் ஓரமாகச் சாம்பல் அட்டையை வைத்தாயே, நல்ல காரியம். 18 சதவீத ஒளியைத் திருப்பும் அந்த அட்டை எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கான வழக்கமான நிற அளவுமுறை) கோப்பில் 118 என்று வர வேண்டும். உன் மூலக் கோப்பில் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. மென்பொருள் வழியாக வந்த இரண்டாவது கோப்பில் 181! முழுக் கருப்பும் முழு வெள்ளையும் அசையவே இல்லை. நடுவில் இருப்பவை மட்டும் மேலே ஏறியிருக்கின்றன. காமா, அதாவது நடு எண்களை உயர்த்தும் வளைவு, இரண்டு முறை ஏறியதன் அடையாளம் இது. ஸ்கேனர் ஏற்கெனவே காமா ஏற்றிக் கொடுத்ததை, அடுத்த மென்பொருள் நேர்கோட்டுத் தரவு (காமா ஏறாத எண்கள்) என்று எண்ணி மறுபடியும் ஏற்றியிருக்கிறது. சிவப்புச் சட்டை சாயம் போனதும் இதனால்தான்: சிவப்பைவிடச் சிறிய பச்சை, நீல எண்கள் அதிகமாக உயர்ந்து நிறத்தை வெளுக்கவைத்துவிட்டன. வளைவைத் திருப்பிப் போட்டால் ஓரளவு சரியாகும். ஆனால் ஒரு நிறத்துக்கு 256 படிகளே உள்ள 8 பிட் கோப்பில் வெளிச்சப் பகுதியின் நுண்ணிய படிகள் போனவை போனவைதான். மூலத்திலிருந்தே மறுபடி எடு.

தோட்டத்தில் எடுத்த படத்தின் கோளாறு வேறு. அதில் சாம்பல் நிறங்கள் சரியாக இருக்கின்றன. பச்சையும் சிவப்பும் மட்டும் மங்கல். கேமராவில் அடோபி ஆர்ஜிபி (எஸ்ஆர்ஜிபியைவிட அகன்ற நிற அளவுமுறை) வைத்து எடுத்ததாக எழுதியிருக்கிறாய், கோப்பிலோ எண்களை எந்த முறையில் படிப்பது என்று சொல்லும் பிரொஃபைலே இல்லை. அந்த எண்களை எஸ்ஆர்ஜிபி என்று படித்தால் இப்படித்தான் தெரியும். முதலில் அடோபி ஆர்ஜிபி பிரொஃபைலைப் பொருத்து. அப்போது எண்கள் மாறாது, பொருள் மட்டும் திருந்தும். பிறகு எஸ்ஆர்ஜிபிக்கு மாற்று. இந்த வரிசை தப்பினால் வீண் உழைப்பு.

வீடியோவிலிருந்து எடுத்த படங்களில் கருப்பு 16, வெள்ளை 235 என்று நின்றால் அது காமா அல்ல, வீச்சுப் பிரச்சினை. 0 முதல் 255 வரை விரித்தால் போதும். பழைய ஆப்பிள் மேக் கணினியில் சேமித்த கோப்புகள் இருட்டாகத் தெரிந்தால் அதற்கும் காரணம் உண்டு. 2009 வரை அங்கே வழக்கமான காமா 1.8, இப்போது 2.2.

உன் அம்மா கிணற்றடியில் நிற்கும் படம் அந்த வெளுத்த வரிசையில்தான் இருக்கிறது. அதை மட்டும் 16 பிட்டில் மறுபடி ஸ்கேன் செய்து, பிரொஃபைலோடு எனக்கு அனுப்பு. நானே சரிபார்க்கிறேன்.

அன்புடன்,
கணேசன்