துப்பாக்கி உரிமம் கிடைக்காத தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

மறுப்புக் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தாய். மூன்றே வரி. "முந்தைய நடத்தை" என்ற இடத்தில் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி இரண்டு கோடு போட்டிருக்கிறாய். கோபித்துக்கொள்ளாதே, அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: நல்லவேளை, இந்தக் கோடு அந்த அதிகாரி கண்ணில் படவில்லை.

"19 வயதில் போட்ட ஒரே ஒரு சண்டை. 17 வருஷம் ஆச்சு. எந்த நாட்டில் அண்ணா இப்படி உண்டு?" என்று கேட்டிருக்கிறாய். நிறைய நாட்டில் உண்டு. பிரிட்டனின் 1968 சட்டப்படி 3 வருஷமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை வாங்கியவர் ஆயுள் முழுக்கத் துப்பாக்கியைத் தொட முடியாது. அதே வருஷம் அமெரிக்காவில் வந்த சட்டம், நீ எத்தனை நாள் உள்ளே இருந்தாய் என்று பார்ப்பதில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றமா என்றுதான் பொதுவாகப் பார்க்கிறது. ஒரு நாள்கூட ஜெயிலுக்குப் போகாதவர்களும் அதில் மாட்டுகிறார்கள். இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டம் கொஞ்சம் இரக்கமுள்ளது: வன்முறைக் குற்றத்துக்குச் சிறை என்றால், தண்டனை முடிந்து 5 வருஷம் வரை தடை. அப்புறமும் பொது அமைதியைக் காரணம் காட்டி மறுக்கும் அதிகாரம் அதிகாரியிடம் இருக்கிறது. கனடாவில் உரிமம் கேட்பவரின் பழைய நடத்தையில் கட்டாயம் பார்க்க வேண்டியது கடைசி 5 வருஷம் என்றிருந்ததை, 2019-இல் திருத்தி வாழ்நாள் முழுவதும் என்று ஆக்கிவிட்டார்கள்.

எனக்கு இந்த வாழ்நாள் கணக்கு பிடிக்கவில்லை. 19 வயதுப் பையன் செய்ததற்கு 36 வயதுக்காரனை நிறுத்திக் கேட்பது அநியாயம்தான். ஆனால் உன் வழக்கு சமரசத்தில் முடிந்தது, தண்டனையே கிடையாது. உனக்கு வந்திருப்பது இந்த மாதிரித் தடை இல்லை. "இவரை நம்பலாமா" என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்து, வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்.

ஏன் எழுதினார்? படிவத்தில் "இதற்கு முன் வழக்கு ஏதேனும் உண்டா" என்ற கேள்விக்கு "இல்லை" என்று போட்டாயே, அது 17 வருஷத்துக்கு முன்பா நடந்தது? போன மாதம். சண்டை பழசு என்று வாதாடலாம், இதற்கு என்ன சொல்வாய்? முடிந்துபோன வழக்குதானே என்பாய். முடிந்ததா என்று அவர்கள் கேட்கவில்லை.

அப்புறம், அன்று உன்னிடம் அடி வாங்கியவரைப் போன வருஷம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்கிறார். நீ உடைத்த பல்லின் இடம் இன்னும் காலிதான். உன்னைப் பற்றி நன்றாகவே விசாரித்தார். நீ குறிபார்த்துச் சுடும் போட்டிக்காகத்தான் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும். உனக்கு உரிமம் என்று கேள்விப்பட்டால் அவர் வயிற்றில் என்ன செய்யும் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பதில் தெரியவில்லை.

சரி, மேல்முறையீட்டுக்குக் கெடு இருக்கும், முதலில் தேதியைப் பார். மனுவின் முதல் பத்தியிலேயே சண்டையை நீயே எழுது. யார் முதலில் கை வைத்தது என்ற கதையெல்லாம் வேண்டாம். அடுத்து, படிவத்தில் "இல்லை" என்று எழுதியது தப்பு என்று ஒத்துக்கொள். சண்டைக்குப் பிறகு ஒரு வழக்கும் இல்லாத இத்தனை வருஷத்தைச் சொல். உன் பயிற்சியாளரிடம் ஒரு கடிதம் வாங்கி இணை. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு, பார்த்துத் தருகிறேன். எதற்கும் அடியில் கோடு மட்டும் போடாதே.

அன்புடன்,
அண்ணன்