பூரணி விஷயமாக

அன்புள்ள கமலா,

நலம். நீயும் அப்படியே என்று எடுத்துக்கொள்கிறேன். உன் கடிதத்துக்குப் பதில் போடாமல் ஐந்து மாதம் ஓட்டிவிட்டேன். அதற்கு நீ என்னவெல்லாம் திட்டுவாய் என்று வார்த்தை பிசகாமல் எனக்குத் தெரியும், அதனால் திட்டி முடித்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். இங்கே எல்லாரும் சௌக்கியம். தருணுக்கு வேலை கிடைத்துவிட்டது. பெரியவர் அதே நாற்காலியில், அதே புகார்களோடு. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் பூரணி கூப்பிட்டாள். எடை குறைய வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்கிறாளாம். ஆரம்பித்து நாலு மாதமாகிறது. "ஏன்டி, ஒரு வார்த்தை சொல்லவில்லையே" என்றேன். "நீயும் கமலாவும் சிரிப்பீர்கள்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவள் நாளைக்கு மழை வரும் என்பது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். உன்னிடம் சொல்லலாமா என்று கேட்டதற்கு, "சொல்லிக்கொள், எப்படியும் சொல்லத்தானே போகிறாய்" என்று பதில். முப்பது வருஷப் பழக்கம், நம்மை நன்றாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறாள்.

பூரணி பூசணி ஆனது எப்போது என்று ஞாபகம் இருக்கிறதா? நீ விடுதி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாய், அவ்வளவுதான். கண்டுபிடித்தது நான். இரண்டாம் வருஷம், மாடிப்படியில். ஒரே ஒரு எழுத்தை மாற்றினால் போதும் என்று அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை!

இப்போது என் கதையைக் கேள். வீட்டிலிருந்தே வேலை என்று ஆன பிறகு நாலு வருஷத்தில் 13 கிலோ ஏறிவிட்டேன். ஆமாம், நான்தான், உன் 'ஊதுபத்தி'. முழங்கால் வலிக்கிறது என்று ஒரு டாக்டரிடம் போனேன். அவர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "வாயைக் கட்டுங்கம்மா" என்றார். முழங்காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. இதே வார்த்தையை இதே தொனியில் பூரணியிடம் நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

அந்த எரிச்சலில் படிக்க ஆரம்பித்தேன். என் கணக்குப்பிள்ளை புத்திதான் உனக்குத் தெரியுமே, முதலில் கணக்குப் போட்டேன். ஒரு கிலோ கொழுப்பு சுமார் 7,700 கலோரி. 13 கிலோவை நாலு வருஷத்து நாட்களால் வகுத்தால் ஒரு நாளைக்கு 70 கலோரி கூட வரவில்லை. உடம்பு பெருக்கப் பெருக்க அதன் செலவும் கூடும் என்பதால் கணக்கு இவ்வளவு நேராக இல்லை, நிஜத்தில் இன்னும் கொஞ்சம் அதிகமாகத்தான் தின்றிருப்பேன். இருந்தாலும் பார், இரண்டு மூன்று வாய்தான் கூடுதல்! நாளுக்கு 2,000 கலோரி என்றால் அதில் மூன்றரை சதவீதம். என் ஆபீஸ் வரவுசெலவிலேயே அவ்வளவு பிழை வந்திருக்கிறது, அதுவும் கால்குலேட்டர் கையில் இருக்கும்போது. வாயைக் கட்டு என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு வாயைத் தினமும், வருஷக்கணக்கில், எந்தத் தராசில் நிறுத்துப் பிடிப்பார்களாம்?

அப்புறம் இன்னொரு எண். 2022 நிலவரப்படி உலகத்தில் நூறு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு உடற்பருமன். எட்டுப் பேரில் ஒருவர். 1990-லிருந்து பார்த்தால் பெரியவர்களிடம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருக்கிறது, பிள்ளைகளிடமும் வளரிளம் வயதினரிடமும் நாலு மடங்கு. முப்பது வருஷத்தில் நூறு கோடிப் பேருக்கு ஒரே சமயத்தில் நாக்கு நீண்டு மனவுறுதி தளர்ந்துபோயிற்றா? மரபணுவும் அவ்வளவு வேகமாக மாறாது. அப்படியென்றால் மாறியது நம்மைச் சுற்றி இருப்பதுதானே?

என்ன மாறியது என்று தேடியபோது ஒரு சோதனை கண்ணில் பட்டது. அதை இரண்டு நாளாக வீட்டில் எல்லாருக்கும் சொல்லி அறுத்தாயிற்று, இனி உன் முறை. 2019-ல் வெளிவந்தது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரை நாலு வாரம் அங்கேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் ஆலையில் அளவுக்கு மீறிப் பதப்படுத்திய பொட்டல உணவு. இரண்டு வாரம் காய், கனி, தானியம் என்று சமைத்த சாதாரண உணவு. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய சமம். வேண்டிய மட்டும் சாப்பிடலாம், யாரும் கேட்கமாட்டார்கள். பொட்டல உணவு வாரங்களில் அதே ஆட்கள் ஒரு நாளைக்கு சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டே வாரத்தில் முக்கால் கிலோவுக்கு மேல் ஏறினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கினார்கள்.

ருசி ஜாஸ்தி, அதனால் தின்றார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி பிடித்திருக்கிறது என்றே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பொட்டல உணவை வேகமாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். மென்மையாக இருக்கிறது, மெல்லவே வேண்டாம், 'போதும்' என்ற செய்தி வயிற்றிலிருந்து மூளைக்குப் போவதற்குள் தட்டு காலி. இனிப்புப் பானங்கள் இன்னும் மோசம், குடித்த கலோரியை வயிறு சாப்பாடாகவே மதிப்பதில்லை. கெடாது, மலிவு, எங்கே திரும்பினாலும் கிடைக்கும், குழந்தையின் கண்மட்டத்தில் அடுக்கியிருப்பார்கள். நாம் நிறுத்த முடியாதபடி அதைத் தயாரிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நிறுத்த முடியாமல் தின்றவளுக்கு நாம் பட்டப்பெயர் வைத்தோம்.

இந்த இடத்தில் நீ உன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நடக்க வேண்டும், தினம் பத்தாயிரம் அடி" என்பாய். அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயர் 'மன்போ-கெய்'. அதற்கு அர்த்தமே பத்தாயிரம் அடி மானி. விளம்பரப் பெயரைத்தான் நீ மணிக்கட்டில் கட்டிக்கொண்டு எங்களை மிரட்டுகிறாய்!

உடனே முகத்தைத் தூக்கிக்கொள்ளாதே. நடப்பது நல்லதுதான். லண்டன் பேருந்துகளை வைத்து ஜெர்ரி மோரிஸ் செய்த ஆராய்ச்சி 1953-ல் வந்தது. நாளெல்லாம் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, இரண்டடுக்குப் பேருந்தில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு. அதோடு விடாமல், 1956-ல் அவர்களுடைய சீருடை அளவுப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பு பெரியது! தையல்காரர் குறிப்பிலிருந்து மருத்துவம். எனக்கு இந்த ஆளை மிகவும் பிடித்துப்போயிற்று.

ஆனால் நடந்து எடையைக் குறைப்பது என்பது வேறு கதை. தான்சானியாவில் ஹட்ஸா மக்கள் வேட்டையாடி, கிழங்கு தோண்டி, நாளெல்லாம் நடந்து வாழ்கிறவர்கள். அவர்கள் ஒரு நாளைக்கு எரிக்கும் கலோரியை 2012-ல் அளந்து சொன்னார்கள். உடல் அளவைக் கணக்கில் எடுத்தால், நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள் எரிப்பதும் கிட்டத்தட்ட அதேதான். ஓர் இடத்தில் செலவு கூடினால் உடம்பு இன்னோர் இடத்தில் சிக்கனம் பிடிக்கிறது. என்னைவிட நல்ல கணக்குப்பிள்ளை.

தூக்கத்தைப் பற்றி நீட்டவில்லை. இரண்டு ராத்திரி நாலு நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டாலே பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகிறது, நிறைவைச் சொல்லும் சுரப்பு குறைகிறது. மார்ச் மாதத்து வருஷக் கணக்கு முடிப்பு நாட்களில் நான் என்னவெல்லாம் மென்றேன் என்பது எனக்கும் மேஜை இழுப்பறைக்கும் தெரியும்.

பூரணி ஒரு தடவை இருபது கிலோ குறைத்தாளே, ஞாபகம் இருக்கிறதா? மாதம் ஒரு போட்டோ அனுப்புவாள். அப்புறம் போட்டோ வருவது நின்றுபோயிற்று. "பழையபடி ஆரம்பித்துவிட்டாள்" என்று நாம் போனில் பேசிச் சிரித்தோம். நான்தான் முதலில் சொன்னேன்.

அமெரிக்காவில் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் ஏராளமாக எடை குறைத்தவர்களில் 14 பேரை ஆறு வருஷம் கழித்துப் பரிசோதித்தார்கள். பெரும்பாலோர் இழந்ததில் பெரும்பகுதியைத் திரும்ப ஏற்றிவிட்டிருந்தார்கள். அதுகூடப் பெரிதில்லை. அந்த உடம்புகள் ஒரு நாளைக்கு எரிக்க வேண்டியதைவிட சுமார் 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தன. ஆறு வருஷம் ஆகியும்! பஞ்சம் வந்துவிட்டது என்று பயந்துபோன உடம்பு கஜானாவைப் பூட்டிக்கொண்டு திறக்கவே இல்லை. கொழுப்பு வெறும் மூட்டை அல்ல, லெப்டின் என்ற சுரப்பு வழியாக மூளையோடு பேசுகிறது என்று 1994-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். கையிருப்பு குறைந்தால் மூளை பசியைக் கூட்டும். அதோடுதான் பூரணி தனியாக மல்லுக்கு நின்றாள். அந்தப் பக்கம் உடம்பு, இந்தப் பக்கம் நாம்.

நீயோ விடுதியில் அவள் தட்டில் மிச்சம் வைத்ததையும் சேர்த்துத் தின்றுவிட்டுக் குச்சியாகவே இருந்தாய். எஃப்.டி.ஓ. என்றொரு மரபணு. அதன் ஒரு வகை அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வந்துவிட்டால், வராதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல். இப்படிச் சின்னதும் பெரிதுமாக நூற்றுக்கணக்கில் இருக்கிறதாம். நீ ஒல்லியாக இருப்பது உன் சாமர்த்தியம் என்று இனிமேல் என்னிடம் சொல்லாதே.

ஊசி விஷயம். சாப்பிட்டதும் குடலில் சுரந்து மூளைக்குப் 'போதும்' என்று சொல்லும் ஜி.எல்.பி.-1 என்ற சுரப்பு மாதிரியே வேலை செய்கிறதாம். நம் உடம்பில் சுரப்பது சில நிமிஷத்தில் கரைந்துவிடும். கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப்பல்லியின் விஷத்தில் அதுபோலவே ஒன்று, சீக்கிரம் கரையாதது, இருந்திருக்கிறது. அதிலிருந்துதான் இந்த வகையின் முதல் மருந்து 2005-ல் சர்க்கரை நோய்க்கு வந்தது. பல்லி என்றாலே நாற்காலி மேல் ஏறுகிற பூரணியிடம் இதைச் சொன்னேன். ஒரு நிமிஷம் பேச்சே இல்லை.

"எப்படி இருக்கிறது" என்று கேட்டேன். "தலைக்குள்ளே ஒருத்தி உட்கார்ந்து சாப்பாடு, சாப்பாடு என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாள் வசந்தி. அவள் போய்விட்டாள். உங்களுக்கெல்லாம் எப்போதுமே இப்படித்தான் அமைதியாக இருக்குமா?" என்று திருப்பிக் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

கவலையும் இருக்கிறது. முதல் மாதம் முழுக்க வாந்தியாம். செலவு வேறு. இந்த வகை ஊசிகளில் ஒன்றான செமாகுளூட்டைடை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருஷத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்திருக்கிறது. ஆயுசு முழுக்கப் போட வேண்டியிருக்குமா என்று அவளும் டாக்டரும்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் யோசனை சொல்லவில்லை. நம்பு, வாயைக் கட்டிக்கொண்டேன்.

ஜூனில் மூன்று பேரும் சந்திக்கப் போகிறோம். இந்தக் கடிதத்தையே அவளுக்கும் ஒரு நகல் அனுப்பிவிடலாமா என்று பார்த்தேன். திரும்பப் படித்தால் மன்னிப்பு மாதிரி இல்லை, தணிக்கை அறிக்கை மாதிரி இருக்கிறது. நேரில்தான் கேட்க வேண்டும். நான் தொடங்குகிறேன். பாதியில் எனக்குத் தொண்டை அடைத்தால் நீ தொடரவேண்டும், வேறு பேச்சுக்குத் தாவக்கூடாது. அவள் இளைத்திருந்தாலும் "இளைத்துவிட்டாயே" என்று ஆரம்பிக்காதே.

இப்படிக்கு,
வசந்தி

பி.கு.: முழங்காலுக்கு வேறு டாக்டரைப் பார்த்தேன். இவர் தொட்டுப் பார்த்தார். எடையும் ஒரு காரணம், ஆனால் குருத்தெலும்பும் தேய்ந்திருக்கிறதாம். நீ சொன்ன அந்தத் தைலத்தைத் தயவுசெய்து அனுப்பாதே.